மார்ச் 25: கிரேக்கத்தில் ஒரு தேதிக்குள் அடுக்கிவைத்த நாட்கள்

கேள்வி இதுதான்: கிரேக்க வரலாறு, விளையாட்டு, பண்பாடு மூன்றையும் சேர்த்து மார்ச் 25-க்கு ஒரு 'வரலாற்றில் இன்று' பட்டியல் வேண்டும். தேடிப் பார்த்தால் ஏதென்ஸில் நடந்த முதல் நவீன ஒலிம்பிக்கின் தொடக்க நாளை ஓரிடத்தில் மார்ச் 25 என்றும் இன்னோரிடத்தில் ஏப்ரல் 6 என்றும் போட்டிருக்கிறார்கள். எதை எடுத்துக்கொள்வது?

இரண்டும் சரி. அது ஏன் என்று விளங்கிவிட்டால் கிரேக்கத் தேதிகளில் வரும் குழப்பங்களில் முக்கால்வாசி தீர்ந்துவிடும். அதனால் நாட்காட்டியிலிருந்தே தொடங்குகிறேன். பட்டியல் எங்கே என்று அவசரப்பட வேண்டாம், அதற்கான வரிகள் பின்னால் வருகின்றன.

மேற்கு ஐரோப்பா 1582-லிருந்து படிப்படியாக கிரெகோரியன் நாட்காட்டிக்கு மாறியது. கிரேக்கம் 1923 வரை பழைய ஜூலியன் கணக்கிலேயே இருந்தது. 1923 பிப்ரவரி 15-க்கு மறுநாள் பிப்ரவரி 16 வரவில்லை. மார்ச் 1 வந்தது. நடுவில் 13 தேதிகள் இல்லாமலே போயின. அதற்கு முந்தைய கிரேக்கத் தேதி எதையும் இன்றைய கணக்குக்குக் கொண்டுவர நாட்களைக் கூட்ட வேண்டும். எத்தனை நாள் என்பது நூற்றாண்டைப் பொறுத்தது: 18ஆம் நூற்றாண்டுக்கு 11, 19ஆம் நூற்றாண்டுக்கு 12, 1900 மார்ச் முதல் 1923 பிப்ரவரி 15 வரை 13. பலர் தவறுவது இங்கேதான். இன்றைய வித்தியாசம் 13 நாள் என்பதால், துருக்கியர் ஆட்சிக்கு எதிரான கிரேக்க எழுச்சியின் நாளான 1821 மார்ச் 25-க்கும் 13-ஐக் கூட்டி ஏப்ரல் 7 என்று எழுதிவிடுகிறார்கள். 1821 மார்ச் 25-க்கு 12-ஐத்தான் கூட்ட வேண்டும். ஏப்ரல் 6 வரும். முதல் நவீன ஒலிம்பிக் தொடங்கிய 1896 மார்ச் 25-க்கும் அதே கணக்கு, அதே ஏப்ரல் 6.

சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. நாட்காட்டி மாறினாலும் கிழமை மாறாது. பழைய கணக்கில் வெள்ளிக்கிழமை என்றால் புதிய கணக்கிலும் வெள்ளிதான். 1821-இன் அந்த நாள் வெள்ளிக்கிழமை. 1896-இன் அந்த நாள் திங்கட்கிழமை. மாற்றிய பிறகு கிழமை ஒத்துவரவில்லை என்றால் கூட்டிய எண்ணில் பிழை இருக்கிறது என்று பொருள்.

கிரேக்கம் தொடர்பான தேதி என்பதற்காக எல்லாவற்றையும் மாற்றிவிடவும் கூடாது. வெளிநாட்டில் எழுதப்பட்ட ஆவணங்கள் ஏற்கெனவே மேற்கத்தியக் கணக்கில் இருக்கும். கிரேக்கத்தின் முழு விடுதலையை ஏற்ற லண்டன் உடன்படிக்கை 1830 பிப்ரவரி 3 என்பது புதிய கணக்கு. அதன்மேல் 12-ஐக் கூட்டினால் கெட்டது. 1453-இல் கான்ஸ்டான்டிநோபிள் வீழ்ந்த மே 29 போன்ற, 1582-க்கு முந்தைய தேதிகளை உலக வழக்கப்படி ஜூலியனிலேயே விட்டுவிட வேண்டும்.

இனி அந்த நாளுக்கு வருவோம்.

மார்ச் 25-இன் அடித்தளம் அரசியலன்று, திருச்சபை. மரியாளுக்கு வானதூதர் மங்கள வார்த்தை சொன்ன நாள் அது; டிசம்பர் 25-இலிருந்து சரியாக ஒன்பது மாதம் பின்னால் எண்ணினால் வரும். கிரேக்கத்தில் இதை எவாங்கெலிஸ்மோஸ் என்பார்கள். எவாங்கெலோஸ், வாங்கெலிஸ், எவாங்கெலியா என்று பெயர் உள்ளவர்களுக்கெல்லாம் அன்று பெயர்நாள். கிரேக்கர்களுக்குப் பிறந்தநாளைவிடப் பெயர்நாள் பெரிது. 'க்ரோனியா போலா', அதாவது பல்லாண்டு, என்று வாழ்த்துவார்கள். தீனோஸ் தீவில் உள்ள மங்கள வார்த்தைக் கோயிலுக்கு அன்று பெரும் கூட்டம் போகும். அங்குள்ள திருவுருவப் படம் 1823 ஜனவரியில், விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்தபோது மண்ணிலிருந்து எடுக்கப்பட்டது. அதனால் பக்தியும் நாட்டுப்பற்றும் அங்கே ஆரம்பத்திலிருந்தே பின்னிக் கிடக்கின்றன.

1821-இன் எழுச்சி இந்த நாளோடு ஒட்டிக்கொண்டது தற்செயல் அல்ல. 1814-இல் ஒடெஸாவில் ஸ்கூஃபாஸ், சகாலோஃப், க்ஸாந்தோஸ் மூவரும் தொடங்கிய 'ஃபிலிகி எதெரியா' என்ற ரகசிய அமைப்பு, தெற்குக் கிரேக்கத்தின் பெலொப்பொனீஸ் பகுதியில் எழுச்சியைத் தொடங்க மார்ச் 25-ஐத்தான் குறித்திருந்தது. நற்செய்தி வந்த நாளிலேயே விடுதலைச் செய்தியும் வர வேண்டும் என்ற எண்ணம். ஆனால் நடந்தது குறித்தபடி நடக்கவில்லை. அலெக்சாந்த்ரோஸ் இப்சிலாந்திஸ் பிப்ரவரி 22 அன்றே ப்ரூத் ஆற்றைக் கடந்து இன்றைய ருமேனியப் பகுதிக்குள் புகுந்துவிட்டார். மானி பகுதியில் அரெயொப்பொலி ஊர்க்காரர்கள் மார்ச் 17-ஐத் தங்கள் தொடக்க நாளாகக் கொண்டாடுகிறார்கள். பாத்ராஸில் மார்ச் 21 அன்றே மோதல் வெடித்தது. மார்ச் 23 அன்று கொலொகொத்ரோனிஸ், பெத்ரோபெய் மாவ்ரொமிகாலிஸ், பாப்பாஃப்ளெஸ்ஸாஸ் ஆகியோரின் படை கலமாத்தாவைப் பிடித்துவிட்டது. (இவை எல்லாம் பழைய கணக்கு.) ஆக, 25ஆம் தேதி விடிந்தபோது போர் ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது.

அப்படியானால் பள்ளிப் பாடத்திலும் படங்களிலும் வரும் காட்சி? கலாவ்ரித்தா அருகில் உள்ள ஆகியா லாவ்ரா மடத்தில், பாத்ராஸ் பேராயர் யெர்மானோஸ் மார்ச் 25 அன்று கொடியை ஆசீர்வதித்து, வீரர்கள் சத்தியம் செய்யும் காட்சி. அது அப்படி நடக்கவில்லை. யெர்மானோஸே தன் நினைவுக் குறிப்புகளில் இதைச் சொல்லவில்லை. அந்த நாட்களில் அவர் பாத்ராஸில் இருந்தார். கதையை ஐரோப்பா முழுக்கப் பரப்பியது, 1824-இல் வெளிவந்த பிரெஞ்சுக்காரர் பூக்வில்லின் வரலாற்று நூல். மனத்தில் அழியாமல் பதித்தது தெயொதோரோஸ் வ்ரிஸாகிஸ் 1865-இல் தீட்டிய ஓவியம். மடத்தில் இன்றும் காட்டப்படும் கொடி, திருப்பீடத்தின் முன் தொங்கிய திரைச்சீலை. மரியாளின் இறப்புக் காட்சி அதில் பின்னப்பட்டிருக்கிறது. பட்டியலில் 'மார்ச் 25, 1821: ஆகியா லாவ்ராவில் கொடி உயர்ந்தது' என்று எழுதாதீர்கள். 'எழுச்சியின் தொடக்கமாகக் கொண்டாடப்படும் நாள்' என்று எழுதுங்கள். அது உண்மையும்கூட, அந்த நாளின் பெருமையையும் குறைக்காது.

தேதியைச் சட்டமாக்கியது 1838 மார்ச் 15-இன் அரசாணை. பவேரியாவிலிருந்து வந்த அரசர் ஓத்தோனின் ஆட்சி அது. மங்கள வார்த்தைத் திருநாளால் ஏற்கெனவே ஒளி பொருந்திய இந்த நாள், விடுதலைப் போரின் தொடக்கத்தாலும் ஒளி பெற்றது, ஆகவே என்றைக்கும் தேசிய விழாவாக இருக்கட்டும் என்பது ஆணையின் சாரம். அந்த வரிசையைக் கவனியுங்கள்: முதலில் திருநாள், பிறகு போர். பத்து நாள் கழித்து, ஏதென்ஸில் அப்போது தலைமைக் கோயிலாக இருந்த ஆகியா இரினியில் முதல் விழா நடந்தது. ஏயொலு தெருவில் அந்தக் கோயில் இன்றும் நிற்கிறது. சுற்றிலும் இப்போது காப்பிக் கடைகள்.

இந்த ஆணைக்கு மூன்று ஆண்டு முன்பே இன்னொரு திட்டம் அரசர் மேசைக்குப் போயிருந்தது. விளையாட்டுக்கும் மார்ச் 25-க்கும் உள்ள தொடர்பு அங்கேதான் பிறக்கிறது, ஆனால் பட்டியல்களில் அது அநேகமாக விடுபட்டுப்போகும். கவிஞர் பனாகியோத்திஸ் சூட்சோஸ் எழுதி, உள்துறை அமைச்சர் கொலெத்திஸ் 1835-இல் சமர்ப்பித்த குறிப்பு அது. மார்ச் 25-ஐ நாட்டு விழாவாக்க வேண்டும், அந்நாளில் பழங்கால ஒலிம்பிக் போன்ற போட்டிகளை ஊர் மாற்றி ஊர் நடத்த வேண்டும் என்றது. விழாவை ஏற்றார்கள், போட்டியை விட்டுவிட்டார்கள். நவீன ஒலிம்பிக்கின் தந்தை எனப்படும் பிரெஞ்சுக்காரர் கூபெர்த்தான் அப்போது பிறக்கவே இல்லை. ஒலிம்பிக் மீட்பு முழுக்கப் பிரெஞ்சுக்காரர் யோசனை என்று எழுதுபவர்கள் சூட்சோஸுக்குச் செய்வது அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அறுபத்தொரு ஆண்டு கழித்து, 1896 மார்ச் 25 திங்கள். சூட்சோஸ் கேட்டது அன்றைக்கு நிறைவேறியது. எழுச்சியின் 75ஆம் ஆண்டு நிறைவு, மங்கள வார்த்தைத் திருநாள், ஈஸ்டர் திங்கள் மூன்றும் ஒன்றாக வந்த நாள் அது. அந்த ஆண்டு கிழக்குத் திருச்சபைக்கும் மேற்குத் திருச்சபைக்கும் ஈஸ்டர் ஒரே ஞாயிறில் அமைந்தது: பழைய கணக்கில் மார்ச் 24, புதிய கணக்கில் ஏப்ரல் 5. பண்டைய பனாதினைக்கோ அரங்கை வெள்ளைப் பளிங்கில் மீட்டெழுப்பப் பணம் தந்த யோர்கியோஸ் அவெரோஃபின் சிலையை அந்த ஞாயிறன்று அரங்கின் வாசலில் திறந்தார்கள். அவர் செலவிட்ட தொகை 9,20,000 திராக்மா. மறுநாள் அரசர் முதலாம் யோர்கியோஸ் விளையாட்டுகளைத் தொடங்கிவைத்தார். கொஸ்திஸ் பலமாஸ் எழுதி ஸ்பிரிதோன் சமராஸ் இசையமைத்த ஒலிம்பிக் கீதம் அன்றுதான் முதன்முதலாக ஒலித்தது. அதே கீதத்தைச் சர்வதேச ஒலிம்பிக் குழு அதிகாரபூர்வமாக ஏற்றது 1958-இல். கீதத்துக்கு என்று தனியாக ஒரு வரி பட்டியலில் இருக்கட்டும். விளையாட்டையும் பண்பாட்டையும் ஒரே நாளில் கட்டும் முடிச்சு அது.

அன்றைய போட்டி முடிவுகள் இரண்டு. மும்முறைத் தாண்டலில் அமெரிக்கர் ஜேம்ஸ் கானலி 13.71 மீட்டர் தாண்டி நவீன ஒலிம்பிக்கின் முதல் வெற்றியாளர் ஆனார். வட்டெறிதலில் ராபர்ட் காரெட் 29.15 மீட்டர், கிரேக்கர் பனாகியோத்திஸ் பரஸ்கெவொப்புலோஸ் 28.95 மீட்டர். வட்டெறிதல் தங்கள் மூதாதையர் கலை என்று நம்பியிருந்த கூட்டத்துக்கு அந்த 20 சென்டிமீட்டர் பெரிய அடி. வென்றவருக்குத் தங்கம் கிடையாது: வெள்ளிப் பதக்கமும் ஒலிவக் கிளையும். இரண்டாமவருக்குச் செம்புப் பதக்கமும் வாகைக் கிளையும்.

ஸ்பிரிதோன் லூயிஸ் மாரத்தானில் வென்றதை மார்ச் 25-இல் சேர்க்கும் தவறை அடிக்கடி பார்க்கலாம். அது நான்கு நாள் கழித்து, பழைய கணக்கில் மார்ச் 29, புதிய கணக்கில் ஏப்ரல் 10. நேரம் 2 மணி 58 நிமிடம் 50 நொடி, தூரம் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். 42.195 என்ற அளவு பின்னாளில் வந்தது. எனவே அந்த நேரத்தை இன்றைய மாரத்தான் நேரங்களோடு அப்படியே ஒப்பிட முடியாது.

உலகம் இந்தத் தொடக்க நாளைப் புதிய கணக்கில்தான் நினைக்கிறது. ஐ.நா. பொதுச்சபை 2013-இல் ஏப்ரல் 6-ஐ வளர்ச்சிக்கும் அமைதிக்குமான விளையாட்டு நாளாக அறிவித்ததற்குக் காரணம் இந்தத் தொடக்கம்தான். கிரேக்கர்களோ தேசிய நாளை ஏப்ரல் 6-க்கு நகர்த்தவே இல்லை. ரஷ்யாவில் அக்டோபர் புரட்சியின் நாளை நவம்பர் 7-க்கு மாற்றிக் கொண்டாடினார்கள். கிரேக்கத்தில் அது நடக்கவில்லை, ஏனென்றால் மார்ச் 25 என்பது அங்கே வெறும் எண் இல்லை. திருநாளைக் கழற்றிவிட்டால் தேதிக்கு அர்த்தமே போய்விடும்.

இந்தப் பிடிப்பு எவ்வளவு வலுவானது என்பதற்கு 1923, 1924 இரண்டு ஆண்டுகளைப் பார்த்தால் போதும். 1923 பிப்ரவரியில் அரசு நாட்காட்டி மாறியது, திருச்சபை மாறவில்லை. விளைவாக, அந்த ஆண்டு கோயில் கணக்கின் மார்ச் 25, அரசுக் கணக்கில் ஏப்ரல் 7-இல் விழுந்தது. நாடு ஒரு தேதி, கோயில் ஒரு தேதி என்று பிரிந்த நிலை ஓராண்டுக்கு மேல் தாங்கவில்லை. 1924-இல் கிரேக்கத் திருச்சபை தன் மார்ச் 10-ஐ மார்ச் 23 என்று திருத்திக்கொண்டது. இரண்டே நாளில் வந்தது மார்ச் 25. கோயிலும் அரசும் மறுபடி ஒரே தேதியில் நின்றன. அதே நாளில், 1924 மார்ச் 25 செவ்வாய், பாப்பனஸ்தாசியு அரசின் முன்மொழிவில் தேசியப் பேரவை முடியாட்சியை நீக்கிக் குடியரசை அறிவித்தது. ஏப்ரல் 13-இல் நடந்த பொதுவாக்கெடுப்பு அதை உறுதிசெய்தது. கடற்படைத் தளபதி பாவ்லோஸ் குந்துரியோதிஸ் முதல் குடியரசுத் தலைவர். புதிய ஆட்சிமுறைக்குப் பழைய நாளின் மதிப்பைக் கடன் வாங்குவது அரசியல்வாதிகள் தெரிந்தே செய்த வேலை.

1932 மார்ச் 25-இல் நாடாளுமன்றத்தின் முன் பெயர் தெரியாத வீரரின் நினைவிடம் திறக்கப்பட்டது. இன்று ஏதென்ஸ் போகிறவர்கள் எல்லாரும் படம் எடுக்கும் எவ்ஸோன் காவலர்கள் நிற்கும் இடம் அது. அவர்கள் உடுத்தும் வெள்ளை ஃபுஸ்தனெல்லா பாவாடைக்கு 400 மடிப்பு. துருக்கியர் ஆண்ட 400 ஆண்டுகளைக் குறிப்பதாகச் சொல்வார்கள். காலில் உள்ள சாருகி செருப்பில் 60 ஆணிக்குக் குறையாது; ஒரு சோடி 3 கிலோ அளவுக்குக் கனக்கும். மார்ச் 25 இராணுவ அணிவகுப்பு இந்த நினைவிடத்தைக் கடந்துதான் போகிறது. இன்னொரு தேசிய நாளான அக்டோபர் 28-இன் பெரிய இராணுவ அணிவகுப்பு தெசலோனிக்கியில் நடக்கும். இரண்டையும் மாற்றிப் போட்டுவிடாதீர்கள். அந்த நாளில் நேரில் போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு: அக்ரொப்பொலிஸ் மலையும் பெரிய தொல்லியல் களங்களும் வழக்கமாக மூடியிருக்கும், அக்ரொப்பொலிஸ் அருங்காட்சியகமோ திறந்திருக்கும், அன்று நுழைவு இலவசம்.

இதுவரை சொன்னவை எல்லாம் மனிதர்கள் விரும்பி இந்தத் தேதியில் வைத்தவை. பட்டியலில் அப்படி வராத ஒன்று உண்டு, அதை விட்டுவிட்டுப் பட்டியல் போடக் கூடாது. 1944 மார்ச் 25, சனிக்கிழமை. ஜெர்மன் ஆக்கிரமிப்புப் படை யனினா நகரத்து யூதர்களை விடியற்காலையில் வீடு வீடாகத் திரட்டியது. 1,800-க்கும் மேற்பட்டோரை லாரிகளில் லாரிஸாவுக்குக் கொண்டுபோய், அங்கிருந்து ரயிலில் அவுஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு அனுப்பினார்கள். மிகச் சிலரே திரும்பினார்கள். இவர்கள் ரொமானியோத்து யூதர்கள்: ஸ்பெயினிலிருந்து 15ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த செஃபார்திகளுக்குப் பல நூற்றாண்டு முன்பிருந்தே கிரேக்க மண்ணில் வாழ்ந்து, கிரேக்க மொழியே பேசியவர்கள். அவர்களுக்கு அது ஓய்வு நாள். அண்டை வீட்டுக் கிறிஸ்தவர்களுக்குத் திருநாள். நாட்டுக்கு விடுதலை நாள். அதே மார்ச் 24, 25 நாட்களில் ஏதென்ஸ், ஆர்த்தா, கஸ்தொரியா போன்ற ஊர்களிலும் பிடிப்பு நடந்தது. கிரேக்க மார்ச் 25 பட்டியல்கள் பலவற்றில் இந்த வரி இல்லை. உங்களுடையதில் இருக்கட்டும். கொண்டாட்ட வரிகளுக்கு நடுவில் செருகாமல், தனியாகவே நிற்கட்டும்.

விளையாட்டுக்கு இன்னொரு வரி: 2004 மார்ச் 25. ஏதென்ஸ் ஒலிம்பிக்குக்கான சுடரைப் பண்டைய ஒலிம்பியாவில் ஹேரா கோயில் முன் குழியாடியால் சூரிய ஒளியைக் குவித்து ஏற்றினார்கள். முதலில் ஏந்தி ஓடியவர் ஈட்டியெறி வீரர் கொஸ்தாஸ் கத்சியூதிஸ். ஏறக்குறைய எல்லாக் கண்டங்களையும் தொட்ட முதல் சுடரோட்டம் அது. ஆப்பிரிக்காவுக்கும் தென் அமெரிக்காவுக்கும் சுடர் அதற்கு முன் போனதில்லை. ஜூன் மாதத்தில் டெல்லி வழியாகவும் போனது. 1896-இன் தொடக்க நாளை நினைத்தே தேர்ந்த தேதி என்பது பார்த்தாலே விளங்கும். ஆனால் கணக்கைக் கவனியுங்கள்: 1896-இன் மார்ச் 25 பழையது, 2004-இன் மார்ச் 25 புதியது. எண் ஒன்றுதான், சூரியனைச் சுற்றும் பூமி நின்ற இடம் வேறு.

2021-இல் எழுச்சியின் 200ஆம் ஆண்டு. பெருந்தொற்றுக் காலம் என்பதால் வழியோரம் கூட்டம் இல்லாமலே அணிவகுப்பு நடந்தது; பிரிட்டன் இளவரசர் சார்லஸ், ரஷ்யப் பிரதமர் மிஷுஸ்தின் போன்றோர் வந்திருந்தார்கள். அதற்கு முந்தைய ஆண்டு அணிவகுப்பே இல்லை.

பண்பாட்டு வரிகளில் சாப்பாடு இல்லாவிட்டால் கிரேக்கர் யாரும் பட்டியலை ஒப்ப மாட்டார். மார்ச் 25 என்றால் பக்கல்யாரோஸ் ஸ்கொர்தல்யா: மாவில் தோய்த்துப் பொரித்த உப்புக் காட் மீன், தொட்டுக்கொள்ளப் பூண்டு மசியல். காரணம் திருச்சபை விதி. தவக்காலத்தில் இறைச்சி, பால், முட்டையோடு மீனும் விலக்கு. மீனுக்கு விலக்கு தளர்வது இரண்டே நாள்: மங்கள வார்த்தைத் திருநாளும் குருத்தோலை ஞாயிறும். மலைக்கிராமங்களுக்குப் புதுமீன் எட்டாது. வட அட்லாண்டிக்கிலிருந்து வணிகர் வழியே வந்த உப்பிட்ட காட், ஐஸ் இல்லாமலே மாதக்கணக்கில் கெடாது. ஏஜியன் கடலில் ஒருபோதும் நீந்தாத மீன் இப்படித்தான் கிரேக்கத் தேசிய உணவானது.

இதிலும் நாட்காட்டி ஒளிந்திருக்கிறது. கிரேக்கத் திருச்சபை நிலையான திருநாட்களுக்குத் திருத்திய கணக்கைப் பின்பற்றினாலும், ஈஸ்டரை இன்றும் ஜூலியன் முறையில்தான் கணிக்கிறது. அதனால் ஈஸ்டர் ஏப்ரல் 4-க்கு முன் வருவதில்லை, மே 8-க்குப் பின்னும் போவதில்லை. கணக்குப் போட்டால் 1924-க்குப் பிறகு மார்ச் 25 எப்போதும் தவக்காலத்துக்குள்ளேயே, புனித வாரத்துக்கு முன்னாலேயே விழும். மீன் சலுகை ஆண்டு தவறாமல் பயன்படும். பழைய கணக்கில் அப்படி இல்லை. 1896-இல் அந்த நாள் ஈஸ்டருக்கு மறுநாள். நோன்பு ஏற்கெனவே முடிந்திருந்தது.

செய்முறை. 1 கிலோ உப்புக் காட் மீனை ஐந்தாறு சென்டிமீட்டர் துண்டுகளாக வெட்டி, மேல் உப்பைக் கழுவி, தோல் மேலே இருக்கும்படி குளிர்ந்த நீரில் போடுங்கள். தோல் கீழே இருந்தால் இறங்கும் உப்பு அதில் தட்டி நின்றுவிடும். குளிர்பெட்டியில் 24 முதல் 36 மணி நேரம் ஊற வேண்டும், நாலைந்து முறை நீரை மாற்ற வேண்டும். தடித்த நடுத்துண்டில் ஒரு சிறு இழையைப் பிய்த்து நாக்கில் வைத்துப் பாருங்கள்: கடல்நீர் போல் இருந்தால் இன்னும் ஊறட்டும், இதமான உப்பாக இருந்தால் போதும். அளவுக்கு மீறி ஊறினால் சப்பென்று ஆகி, சதை நார்நாராகப் பிரியும். முள்ளை நீக்கித் துணியால் ஈரத்தை நன்றாக ஒற்றி எடுங்கள். மாவு கழன்று எண்ணெயில் மிதப்பதற்குப் பத்துக்கு ஒன்பது முறை ஈரம்தான் காரணம். துண்டுகளை முதலில் உலர்ந்த மாவில் புரட்டிக்கொள்வது இன்னும் பாதுகாப்பு. 250 கிராம் மைதாவில் ஏறத்தாழ 300 மில்லி குளிர்ந்த பீர் அல்லது சோடா நீர் ஊற்றி, கரண்டியில் ஒட்டி மெல்ல வழியும் பதத்தில் கலக்கி அரை மணி நேரம் விடுங்கள். மாவுக்கு உப்பு வேண்டாம். 175 முதல் 180 டிகிரி எண்ணெயில், பக்கத்துக்கு மூன்று நான்கு நிமிடம். ஒரே நேரத்தில் சட்டி நிறையப் போட்டால் எண்ணெய்ச் சூடு இறங்கி, மேலோடு எண்ணெயைக் குடிக்கும்.

ஸ்கொர்தல்யாவுக்கு அரை கிலோ உருளைக்கிழங்கைத் தோலோடு வேகவைத்து, சூடாக இருக்கும்போதே உரித்து மசியுங்கள். ஐந்தாறு பூண்டுப் பல்லை, நடுவில் பச்சை முளை இருந்தால் எடுத்துவிட்டு, கல் உப்போடு உரலில் விழுதாக இடியுங்கள். இரண்டையும் சேர்த்து 150 மில்லி ஒலிவ எண்ணெயும் இரண்டு மூன்று மேசைக்கரண்டி வினிகரும் மாறி மாறிச் சிறிது சிறிதாக விட்டுக் கிளற வேண்டும். மிக்ஸியில் போடவே கூடாது. கிழங்கின் மாவுச்சத்து உடைந்து வால்பேப்பர் ஒட்டும் பசையாகிவிடும். கிழங்குக்குப் பதில் நனைத்த ரொட்டி, அக்ரூட், பாதாம் சேர்க்கும் வட்டாரங்களும் உண்டு. மிக்ஸி பயன்படுத்தியே ஆக வேண்டுமென்றால் ரொட்டி வகையைத் தேர்ந்துகொள்ளுங்கள், அது தாங்கும்.

மற்ற நாட்களுக்கும் இதே போலப் பட்டியல் போட நினைத்தால், கிரேக்கர்கள் தங்கள் நாட்களை மூன்று விதமாக வைத்திருக்கிறார்கள் என்பது நினைவிருக்கட்டும். பெரும்பாலானவை பழைய எண்ணிலேயே நிற்கின்றன: கலமாத்தாவின் மார்ச் 23, திரிப்பொலிட்சா வீழ்ந்த செப்டம்பர் 23, தெசலோனிக்கி விடுதலையான அக்டோபர் 26. கடைசியாகச் சொன்னது 1912-இல் மேற்கத்தியக் கணக்கில் நவம்பர் 8. ஆனால் நகரின் காவலர் புனித திமித்ரியோஸின் திருநாள் அக்டோபர் 26 என்பதால் அதை யாரும் நகர்த்தத் துணியவில்லை. சில, புதிய எண்ணுக்கு மாறிவிட்டன: 1827 நவரினோ கடற்போர் பழைய கணக்கில் அக்டோபர் 8, ஆனால் பிரிட்டிஷ், பிரெஞ்சு கப்பற்படைகளின் அறிக்கை வழியே உலகறிந்தது அக்டோபர் 20, நவரினோ விரிகுடாவில் உள்ள பீலோஸ் ஊரில் கொண்டாடுவதும் அந்த நாளை ஒட்டித்தான். மூன்றாவது வகைக்கு நிலையான தேதியே கிடையாது. முற்றுகைக்குள் பட்டினி கிடந்த மிசொலோங்கி மக்கள் 1826 ஏப்ரல் 10 இரவில், குருத்தோலை ஞாயிறுக்கு முந்தைய இரவில், வாயிலைத் திறந்து வெளியே பாய்ந்தார்கள். அதன் நினைவு இன்றும் ஈஸ்டரோடு சேர்ந்தே நகர்கிறது. 'ஏப்ரல் 10: மிசொலோங்கி' என்று மட்டும் எழுதினால், நினைவு விழாவைப் பார்க்க அந்தத் தேதியில் ஊருக்குப் போகிறவர் வெறும் தெருவைத்தான் பார்ப்பார்.

ஆதோஸ் மலை மடங்கள் இன்றும் ஜூலியனில் இருக்கின்றன. அங்கே மங்கள வார்த்தைத் திருநாள் நம் ஏப்ரல் 7-இல் வரும்.

கி.மு. நிகழ்ச்சிகளை நாள்வாரிப் பட்டியலில் சேர்க்காமல் இருப்பதே மேல். மாரத்தான் போருக்குப் பரவலாகக் கொடுக்கப்படும் செப்டம்பர் 12 என்பது ஜெர்மன் அறிஞர் பேக் 19ஆம் நூற்றாண்டில் பண்டைய சந்திர மாதங்களை வைத்துக் கணித்தது; ஆகஸ்ட் என்று வாதிடுவோரும் உண்டு. ஆண்டைக் கணக்கிடுவதிலும் ஒரு பொறி இருக்கிறது. கி.மு. 1-க்கு அடுத்து நேராக கி.பி. 1 வருகிறது, நடுவில் பூஜ்ய ஆண்டு இல்லை. கி.மு. 490-இல் நடந்த மாரத்தானின் 2500ஆம் ஆண்டு என்று சொல்லி 2010-இல் ஏதென்ஸில் பெரிய மாரத்தான் ஓட்டமே நடத்தினார்கள். ஓடி முடித்தபோது ஆகியிருந்தது 2499, நிறைவு 2011-இல். கி.மு. 480-இன் தெர்மொப்பிலி, சலமிஸ் போர்களுக்கு 2020-இல் விழா எடுத்தபோதும் அதே ஓர் ஆண்டு குறைந்தது.